தவுக்கே கேட்டார், நீங்கள் ஏன் கேட்கவில்லை? – சீனத் தூதருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவுக்கான சீன மக்கள் குடியரசின் தூதர் அவர்களுக்கு,
ஜாலான் அம்பாங், கோலாலம்பூர்.

வணக்கம்.

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் படித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளைத் தாலிபான் பள்ளிக்கு விடாததைப் பற்றி உங்களுக்குக் கடிதம் எழுத இவளுக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. காபூலுக்குப் போனதில்லை, பெய்ஜிங்குக்கும் போனதில்லை. கேமரன்மலைக்கு மேல் நான் ஏறிய மலை கிடையாது. உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கும் வாக்கான் பகுதியையே பேரன் கைப்பேசியில் காட்டித்தான் பார்த்தேன். ஆப்கானிஸ்தான் உங்கள் பக்கம் ஒரு விரலை நீட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. அந்த விரல் நுனி உங்களைத் தொடும் எல்லை நூறு கிலோமீட்டர்கூட வராது.

ஆனால் படிக்கிற வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைக்குப் பொழுது எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். ஐந்து மாதம் நானே அப்படி இருந்தேன். என்னை மறுபடி பள்ளிக்கு அனுப்பி வைத்தவர் ஒரு சீனர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிட்ட கடை முதலாளி. இந்தக் கடிதம் வேறு எங்கும் போகாமல் உங்களுக்கு வருவதற்கு அதுதான் காரணம்.

1969ல் ஆறாம் வகுப்பை முடித்தேன். வீட்டில் நான் மூத்தவள், எனக்குக் கீழே மூன்று பேர், கடைசித் தம்பிக்கு எட்டு மாதம். அப்பா அம்மா இரண்டு பேருமே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். ஆயாக் கொட்டகையில் ஒரே ஓர் ஆயா, இன்னொரு தூளி கட்ட இடமில்லாத அளவுக்குப் பிள்ளைகள். அங்கே போனாலே தம்பிக்குச் சளி பிடித்துக்கொள்ளும். "படிச்சது போதும், தம்பியைப் பாத்துக்க" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மூத்த பெண்ணுக்கும் அதுதான் நடந்தது, எதிர் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) மூத்த பெண்ணுக்கும் அதுதான். மறு ஜனவரியில் என் கூட்டாளிகள் நீலப் பினோஃபோர் போட்டுக்கொண்டு பட்டணத்து இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்புக்கு லாரி ஏறினார்கள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். லாரி திரும்புகிற வளைவில் ஒரு ரம்புத்தான் மரம் இருந்தது. அதைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து கஞ்சியைக் கிண்டுவேன்.

எங்கள் தலைமையாசிரியர் அப்பாவிடம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. தோட்டத்து மேனேஜரான துரையின் ஆபீசுக்குப் போய், "துரை ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்று கெஞ்சியிருக்கிறார். துரை பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) மூலம் சொல்லியனுப்பிய பதில் லயம் முழுக்கப் பரவியது: தொழிலாளிகளின் குடும்ப விஷயத்தில் நிர்வாகம் தலையிடாது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஆடு ரப்பர் இளங்கன்றைக் கடித்தால் அதே நிர்வாகம் தலையிடும். கத்தி ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் பட்டால் தலையிடும். லயத்தில் யார் வீட்டில் வெளி ஆள் தங்கியிருக்கிறார், எத்தனை நாள் தங்குவார், தைப்பூசத்துக்கு எத்தனை பேர் லீவு போடலாம், எல்லாவற்றுக்கும் துரைக்குக் கணக்கு வேண்டும். பெண் பிள்ளை படிப்பு மட்டும் எங்கள் குடும்ப விஷயம். அதனால் ஒரு மங்கு ரப்பர்ப் பால்கூடக் குறையப் போவதில்லை அல்லவா?

தவுக்கேயிடம் வருகிறேன். பட்டணத்தில் அஞ்சடி (கடை வரிசை நடைபாதை) ஓரமாக மளிகைக் கடை வைத்திருந்தார். லயத்தில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் பற்று. அந்தச் சின்ன 555 நோட்டு உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, மலேசியாவில் அந்தக் காலத்தில் கடன் வாங்கிச் சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும். அரிசி, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பள நாளில் இறங்கும். அப்பாவுக்குக் கணக்கு வராது என்பதால் நானும் கூடப் போவேன். தவுக்கே மணிச்சட்டத்தைத் தட்டி முடிப்பதற்குள் நான் கூட்டிச் சொல்லிவிடுவேன். ஒருநாள் அவர் கை அப்படியே நின்றது. தம்பி என் இடுப்பில் இருந்தான். "இது படிக்கிற பொண்ணு. ஏன் இஸ்கூல் போகல?" என்று தமிழிலேயே கேட்டார். அப்பா ஏதோ மழுப்பினார்.

அடுத்த வாரமும் கேட்டார். அதற்கு அடுத்த வாரமும். நோட்டைத் திறக்கு முன்னால் கேட்பார், பதிலை வாங்கிக்கொண்டுதான் பேனாவை எடுப்பார். அரிசியை நிறுத்துவேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை, நிறுத்தவும் இல்லை. அவர் கேள்வியை மட்டும் நிறுத்தவில்லை. கடையில் நாலு பேர் நிற்பார்கள், எல்லாரும் அப்பாவைப் பார்ப்பார்கள். எட்டு வாரமோ ஒன்பது வாரமோ போனது. ஜூன் மாதம் நான் லாரி ஏறினேன்.

தவுக்கே மகான் என்று சொல்ல வரவில்லை. அவர் தராசு எப்போதும் கொஞ்சம் அவர் பக்கமே சாயும் என்று லயத்தில் பேச்சு உண்டு, அதில் உண்மையும் உண்டு. நான் படித்து அவருக்கு ஒரு காசு லாபமில்லை. அரிசி கொடுக்கிறவனுக்கு ஒரு வார்த்தை கேட்க உரிமை உண்டு என்று அவர் நினைத்தார், அவ்வளவுதான்.

தூதர் அவர்களே, உங்கள் அரசும் தாலிபானும் நடத்தும் கொடுக்கல் வாங்கலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துரையின் பதில்தான் காதில் கேட்கிறது. பிறர் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்கிறீர்கள். 1954ல் இந்தியாவோடு எழுதிய பஞ்சசீலத்திலேயே அது இருக்கிறது, பள்ளியில் நானே படித்துக் கொடுத்திருக்கிறேன். சரி. ஆனால் தேதிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். டீச்சர் புத்தி, தேதியில்தான் முதலில் கண் போகிறது.

2022 மார்ச் 23. மாதக்கணக்காக மூடிக் கிடந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளிகள் அன்று காலை திறந்தன. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். சில மணி நேரத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. வகுப்பிலிருந்து அழுதுகொண்டே வெளியே வந்த பிள்ளைகளை நானும் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒருத்தி பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். மறுநாள், மார்ச் 24, உங்கள் வெளியுறவு அமைச்சர் வாங் யி காபூலில் போய் இறங்கினார்.

அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. பதினாறு நாள் கழித்து, 2023 ஜனவரி 5 அன்று, ஆப்கானிஸ்தானின் அமு தாரியா எண்ணெய் வயலுக்குச் சீன நிறுவனம் 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. முதல் ஆண்டு முதலீடே 15 கோடி டாலர் என்றார்கள். அந்த செப்டம்பரில் உங்கள் புதிய தூதர் காபூலில் பொறுப்பேற்றார். தாலிபான் வந்த பிறகு புதிதாக நியமனமாகி அங்கே போன முதல் வெளிநாட்டுத் தூதர் அவர்தான். 2024 ஜனவரி 30 அன்று தாலிபான் அனுப்பிய தூதரின் நியமனப் பத்திரத்தை அதிபர் சி ஜின்பிங் பெய்ஜிங்கில் வாங்கிக்கொண்டார். 2024 டிசம்பரில் தாதி வேலைக்கும் பிரசவம் பார்க்கவும் பெண்களைப் பழக்கும் நிலையங்கள்கூட மூடப்பட்டன. ஏழை நாடுகளின் சரக்குக்கு உங்கள் சந்தையில் வரி விலக்கு என்று நீங்கள் திறந்துவிட்டதும் அதே மாதம்தான். அதில் ஆப்கானிஸ்தானும் உண்டு.

வேண்டுமென்றே பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. பள்ளி மூடினாலும் மூடாவிட்டாலும் உங்கள் நாட்காட்டி அதுபாட்டுக்கு ஓடுகிறது என்றுதான் சொல்கிறேன். அது மூடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

அப்புறம், நீங்கள் தலையிடுவதே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 2021 ஜூலை 28 அன்று, காபூல் தாலிபான் கையில் விழுவதற்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, தியான்ஜினில் தாலிபான் தலைவர்களில் ஒருவரான முல்லா பராதரை உட்காரவைத்து வாங் யி என்ன சொன்னார்? உய்குர் ஆயுதக் குழுவான கிழக்குத் துர்கெஸ்தான் இஸ்லாமிய இயக்கத்தோடு உறவை அறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். தன் மண்ணில் யாரைத் தங்க விடலாம் என்பதைவிடப் பெரிய உள்விவகாரம் ஒரு நாட்டுக்கு உண்டா? அதற்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லையில் வெடிகுண்டு வரக்கூடாது என்று எந்த அரசும் நினைக்கும். (ஜின்ஜியாங்குக்கு உள்ளே உய்குர் மக்களுக்கு நடப்பதைப் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022ல் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.) கேட்க வேண்டும் என்று தோன்றியதைக் கேட்டிருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். ஆட்டுக்கும் இளங்கன்றுக்கும் துரை வந்தது மாதிரி.

தாலிபானும் நிபந்தனை என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. சொன்னபடி வேலை நடக்கவில்லை என்று 2025 ஜூனில் அந்த அமு தாரியா ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். உங்கள் கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அவர்கள் கேட்கலாம். 'பள்ளியைத் திறப்போம், கொஞ்சம் பொறுங்கள்' என்று 2021ல் அவர்கள் சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடாதா?

இன்னொன்று. ஐ.நா.வில் ஆப்கான் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று தாலிபான் தடை போட்டதைக் கண்டித்து 2023 ஏப்ரல் 27 அன்று பாதுகாப்பு மன்றம் தீர்மானம் போட்டது. 2681ஆம் தீர்மானம். பதினைந்துக்குப் பதினைந்து. உங்கள் கையும் சேர்ந்துதான் உயர்ந்தது. ஆக, தப்பு என்று உங்களுக்குத் தெரியும். நியூயார்க்கில் சொல்ல முடிந்தது காபூலில் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

மெஸ் அய்னாக் செம்புச் சுரங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காபூலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரம். 2008ல் உங்கள் நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்தன. போர் ஒருபக்கம், இன்னொரு பக்கம் அந்தச் செம்புக்கு மேலேயே பழைய பௌத்த மடங்களும் தூபிகளும் கிடக்கின்றன. தொல்லியல்காரர்கள் தோண்டி எடுக்க அவகாசம் கேட்டார்கள், வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போயிற்று. 2024 ஜூலையில்தான் சுரங்கத்துக்குச் சாலை போடத் தொடங்கினார்கள். 2001ல் பாமியான் புத்தர்களை வெடி வைத்துத் தகர்த்தவர்கள் இன்று மெஸ் அய்னாக் சிலைகளைக் காப்போம் என்கிறார்கள். யுவான் சுவாங் பாமியானில் அந்தப் புத்தர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சில ஆண்டு கழித்து எங்கள் காஞ்சிபுரத்துக்கும் வந்தவர். உங்கள் ஊர்க்காரர், எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறார். கல் புத்தருக்காக அத்தனை வருஷம் பொறுக்க முடிந்தது, தாலிபானின் பேச்சும் மாறியிருக்கிறது. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு மட்டும் வழி தெரியவில்லையா?

தலையிடாமை சீனாவின் பரம்பரை வழக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். சுங்கை சிப்புட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். மலாயாக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷார் கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கியதே எங்கள் ஊரில்தான். 1948 ஜூன் 16 அன்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள். அதற்குப் பிறகு முள்கம்பி, சோதனைச் சாவடி. பால் டின் வாங்கினால் காட்டுக்குள் போய்விடக்கூடாது என்று கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பாராம். அம்மா சொல்லியிருக்கிறார், வீட்டுக்கு வருமுன் பாதிப் பால் பையிலேயே ஒழுகிவிடுமாம். அது முடிந்து பல வருஷம் கழித்து, 1969லிருந்து 1981 வரை, உங்கள் ஹுனான் மாநிலத்திலிருந்து மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் மலாயாப் புரட்சிக் குரல் வானொலி எங்களை நோக்கிப் பேசியது. மலாயில், மாண்டரினில், தமிழிலும்கூட. என் சித்தப்பா டிரான்சிஸ்டரைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கேட்பார். 1974 மே 31 அன்று எங்கள் அப்போதைய பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங்கில் கையெழுத்துப் போட்டு இரண்டு நாடும் தூதரக உறவு தொடங்கிய பிறகும் அந்த வானொலி ஏழு வருஷம் ஓடியது. அரசு வேறு, கட்சி வேறு என்று அப்போது விளக்கம். பழைய கணக்கைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. வேண்டும் என்றால் தோட்டத்து லயம்வரை உங்களுக்குக் குரல் எட்டும் என்பதை நாங்கள் காதால் கேட்டவர்கள்.

இதை இஸ்லாத்துக்கு எதிரான கடிதமாக யாரும் படித்துவிடக்கூடாது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு மக்சிக், மலாய்க்கார அம்மா. மூன்று பெண்கள், ஒருத்தி பல் மருத்துவர், ஒருத்தி கணக்காளர், கடைக்குட்டி என்னைப் போல டீச்சர். நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் வரும், தீபாவளிக்கு என் முறுக்கு போகும். இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம், அதில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். காபூலில் பல்கலைக்கழகக் கதவை மூடியபோது, இது ஷரியாவுக்கே முரண் என்று சொன்னவர் கெய்ரோ அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிப். அங்கே நடப்பது கந்தஹாரில் உட்கார்ந்திருக்கும் தாலிபான் தலைவர்கள் ஒரு சிலரின் பிடிவாதம். 2025 ஜூலையில் அவர்களில் இரண்டு பேர் மீது அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டதும் பெண்களைக் கொடுமைப்படுத்தியதற்காகத்தான்.

வியாபாரத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இருபது வருஷம் அங்கே படையோடு இருந்த அமெரிக்கா போகும்போது அந்த நாட்டின் வங்கிப் பணம் சுமார் 700 கோடி டாலரை முடக்கிவைத்தது. அதனால் எந்தப் பள்ளியும் திறக்கவில்லை, அடுப்புதான் அணைந்தது. நீங்கள் விமானம் அனுப்பி அவர்களுடைய பைன் கொட்டையை வாங்கினீர்கள். அதைப் பொறுக்கி உடைத்து விற்ற குடும்பத்தில் அன்று ரொட்டி சுட்டிருப்பார்கள். அது நல்ல காரியம். தவுக்கேயும் அரிசியை நிறுத்தவில்லை என்று சொன்னேனே.

நோட்டைத் திறக்கு முன் கேளுங்கள் என்கிறேன். ஒவ்வொரு சந்திப்பிலும், ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்பும், நாலு பேர் பார்க்க: 'ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு எப்போது திறக்கப் போகிறீர்கள்?' பதில் வரட்டும், வராமல் போகட்டும், கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். மெஸ் அய்னாக்கில் வேலையாட்களுக்குக் குடியிருப்பு கட்டும் நாள் வந்தால், அந்த வரைபடத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு பள்ளியும் கட்டாயம் இருக்கட்டும். ஆயாக் கொட்டகையும் இருக்கட்டும், நல்ல காற்றோட்டமாக. தோட்டம் நடத்தியவர்களுக்குத் தோன்றாதது சுரங்கம் நடத்துகிறவர்களுக்குத் தோன்றட்டுமே.

கேட்டால் நடக்குமா என்பீர்கள். 2025 அக்டோபர் 10 அன்று தாலிபானின் வெளியுறவு அமைச்சர் முத்தாகி டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஒரு பெண் செய்தியாளர்கூட உள்ளே இல்லை. டெல்லியில் கூச்சல் கிளம்பியது. இரண்டே நாளில், 12ஆம் தேதி, இன்னொரு சந்திப்பு வைத்தார். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, பள்ளிகள் ஏன் மூடியிருக்கின்றன என்று நேருக்கு நேர் கேட்டார்கள். பள்ளி திறக்கவில்லைதான். ஆனால் கேட்டால் நாற்காலியாவது நகர்கிறது. (இந்தியாவுக்கும் ஒரு வார்த்தை: காபூலில் இருந்த தொழில்நுட்ப அலுவலகத்தை அந்த வாரமே தூதரகமாக உயர்த்துவதாகச் சொன்னீர்கள். பள்ளியைப் பற்றி உங்கள் அமைச்சர் மேடையில் ஏதும் பேசி என் காதில் விழவில்லை. உங்களுக்கும் 555 நோட்டு ஒன்று வாங்கி அனுப்பலாம்.) மறுநாள் 13ஆம் தேதி உங்கள் பெய்ஜிங்கில் உலகத் தலைவர்களைக் கூட்டிப் பெண்கள் மாநாடு நடந்தது. 1995ல் அதே ஊரில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கு முப்பது வயது ஆனதைக் கொண்டாடினீர்கள். அந்த 1995 ஆவணத்தில் பெண் பிள்ளைகளின் படிப்புக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற ஆவணம்.

தவுக்கே கடை இப்போது கைப்பேசிக் கடை. அவர் பேத்திக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தாத்தாவின் தராசு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னாள், முடியாது என்றேன். அப்படியானால் அவர் தீபாவளிக்கு எல்லாருக்கும் ஆரஞ்சுக் கிரஷ் கொடுத்ததையும் எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

பதில் எழுதினால் தமிழிலேயே எழுதலாம். சீன வானொலியில் 1963லிருந்து தமிழ்ப் பிரிவு இருக்கிறது. என் மாணவர்களில் பல பேரைவிட நன்றாக ழகரம் உச்சரிக்கிற சீனர்களை நான் அதில் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.